விண்வெளிக் காலத்தின் நினைவுப் பதக்கங்கள்

வரலாறு எழுதப் புகுவோர் ஏடுகளை மட்டும் நம்பி நிற்பதில்லை. கல்வெட்டு, செப்பேடு, காசு, முத்திரை ஆகியவற்றையும் தேடி எடுத்து, அவை கூறுவனவற்றை ஏட்டுச் செய்தியோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஒரு முடிவுக்கு வருகின்றனர். ஏடு செல்லரிக்கும்; படியெடுப்போர் கைப்பட்டு மாறும். உலோகத்திற் பொறித்த எழுத்தோ எளிதில் அழிவதில்லை. ஆதலின், உலோகம் சொல்வது உண்மையாகவே இருக்கும் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றி விட்டது.

இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று ஆராய மிகப் பழைய காலத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. 1957 முதல் 1972 வரையுள்ள 15 ஆண்டுகளே போதும். மனிதன் செய்த பொருள் முதன்முதலாகப் பூமியைச் சுற்றி வந்ததும், மனிதனே சுற்றி வந்ததும், பின்னர்ச் சந்திரனில் அடி வைத்ததும் அக்காலத்தில்தான். அந்நிகழ்ச்சிகளையொட்டி அடிக்கப்பட்ட பதக்கங்கள் இன்றும் பொருட்காட்சிச் சாலைகளிலும், தொகுப்போர் பெட்டிகளிலும், ஏலக் கூடங்களிலும் காணக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டுவது சிலர்க்குப் பொழுதுபோக்கு, சிலர்க்கு வாணிகம். வரலாற்று மாணவர்க்கோ அது நல்லதொரு பயிற்சி. பதக்கம் நடந்ததைச் சொல்கிறதா, நடந்ததாகப் பிறர் நம்ப வேண்டும் என்று அதை அடித்தவர் விரும்பியதைச் சொல்கிறதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் கேள்வி.

பதக்கமும் அதன் வகையும்

காசு வேறு, பதக்கம் வேறு. காசுக்கு அரசு விதித்த விலை உண்டு. அது கடைவீதியிற் செல்லும். பதக்கத்திற்கு அத்தகைய விலையில்லை. ஒரு நிகழ்ச்சியையோ ஒருவர் பெயரையோ நினைவில் நிறுத்துவதே அதன் தொழில். ஆயினும் இரண்டும் செய்யப்படும் முறை ஏறக்குறைய ஒன்றே. கலைஞர் முதலில் பெரிய அளவில் பிளாஸ்டர் சாந்தினால் உருவை ஆக்குவார். அதைச் சிறு அளவிற்குக் குறைத்துச் செதுக்கும் பொறியொன்று, அவ்வுருவை எஃகு அச்சில் இறக்கும். அவ்வச்சுகள் இரண்டின் இடையே வெற்று உலோக வில்லையை வைத்துப் பேரழுத்தத்தோடு அடித்தால் பதக்கம் கிடைக்கும். உருகிய உலோகத்தை வார்த்துச் செய்வது மற்றொரு முறை. போலிப் பதக்கங்கள் பெரும்பாலும் இவ்வார்ப்பு முறையிலே தோன்றுவன என்பதைப் பின்னர்க் காண்போம்.

விண்வெளிப் பதக்கங்களை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, வீரர்க்கு அரசு சூட்டிய பரிசுப் பதக்கம். 1961 மே 5 ஆம் நாள் விண்ணிற் சென்று மீண்ட முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்டுக்கு, மூன்று நாள் கழித்துக் குடியரசுத் தலைவர் கென்னடி அணிவிக்க முனைந்த பதக்கம் இவ்வகையைச் சேர்ந்தது. அது கை தவறிக் கீழே விழுந்தது. கென்னடி குனிந்து எடுத்து, இப்பதக்கம் தரையிலிருந்து மேலே எழும்புகிறது என்னும் கருத்துப்படச் சிரித்துப் பேசியது பலரும் அறிந்த செய்தி. இரண்டாவது வகை, நிகழ்ச்சி முடிந்த பின்னர்ப் பொதுமக்களுக்கென அடிக்கப்பட்ட நினைவுப் பதக்கம். மூன்றாவது வகை, விண்கலத்திலேயே ஏறிச் சென்ற பதக்கம். தொகுப்போர் பெரிதும் விரும்புவது இம்மூன்றாவது வகையே. குழப்பம் மிகுதியாக இருப்பதும் அதிலேதான்.

சந்திரனுக்கு அனுப்பிய ஐங்கோணத் தகடுகள்

1957 அக்டோபர் 4 ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைத் துணைக்கோளை ஏவியது. 58 சென்டிமீட்டர் குறுக்களவும் ஏறத்தாழ 84 கிலோ எடையும் கொண்ட அவ்வுலோகப் பந்து உலகையே திடுக்கிட வைத்தது. அப்பந்தும் அதனின்று நீண்ட நான்கு கம்பிகளும் விரைவில் ஓர் உருவச் சின்னமாகிப் பதக்கங்களிலும், சட்டையிற் குத்தும் மலிவான சின்னங்களிலும் இடம்பெற்றன.

எனினும் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது இரண்டாண்டு கழித்து நடந்த செயலே. 1959 செப்டம்பர் 12 ஆம் நாள் ஏவப்பட்ட லூனா 2 என்னும் கலம், செப்டம்பர் 14 ஆம் நாள் மாஸ்கோ நேரப்படி நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில் சந்திரன் மீது மோதியது. மனிதன் செய்த பொருளொன்று வேறொரு வான்கோளைத் தொட்டது அதுவே முதன்முறை. அக்கலத்தினுள் உலோகக் கோளங்கள் இரண்டு இருந்தன. ஐங்கோண வடிவான எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று பொருத்தி அவற்றைச் செய்திருந்தனர். தகடுகளிற் சிலவற்றில் சோவியத் அரசின் இலச்சினையும், சிலவற்றில் நாட்டின் பெயரும் 1959 செப்டம்பர் என்னும் காலக் குறிப்பும் பொறிக்கப்பட்டிருந்தன. மோதும் வேளையில் கோளத்தின் உள்ளே வைத்த வெடிமருந்து வெடித்து, அத்தகடுகளைச் சந்திரன் தரையில் நாற்புறமும் சிதறச் செய்ய வேண்டும் என்பது திட்டம். விநாடிக்கு 3 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதிய கலத்தின் தகடுகள் உருவழியாமல் எஞ்சினவா என்பதைச் சென்று பார்த்தார் எவருமில்லை.

மோதல் நடந்த மறுநாளே, செப்டம்பர் 15 ஆம் நாள், சோவியத் தலைவர் குருஷேவ் அமெரிக்கா சென்று இறங்கினார். அக்கோளத்தின் படியொன்றைக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையிற் பரிசாகக் கொடுத்தார். அதை நட்பின் அடையாளம் என்றும் கொள்ளலாம். உங்களை முந்திவிட்டோம் என்று நயமாகக் குத்திக் காட்டியதாகவும் கொள்ளலாம். கான்சாஸ் மாநிலத்தில் அபிலீன் ஊரிலுள்ள ஐசனோவர் நூலகத்தின் தொகுப்பில் அது சேர்ந்தது.

இவ்விடத்தில் வாசகர் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். காலக் குறிப்புப் பொறித்த தகடு, கலம் புறப்படுமுன்னரே அடிக்கப்பட்டது. அதாவது, நிகழ்ச்சிக்கு முன்பே நிகழ்ச்சியின் நினைவுப் பொருள் பிறந்துவிட்டது. அவ்வாண்டு ஜனவரி 2 ஆம் நாள் ஏவப்பட்ட லூனா 1 கலத்திலும் இத்தகைய கோளம் வைக்கப்பட்டிருந்தது. அதில் ஜனவரி என்று பொறித்திருந்தது. அக்கலம் சந்திரனை அடையவில்லை. ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் தள்ளிக் கடந்து சென்று, சூரியனைச் சுற்றத் தொடங்கியது. குறி தவறியதைக் கூறாமல், சூரியனுக்குப் புதியதொரு கோளைப் படைத்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். கனவு என்று பொருள்படும் பெயரையும் அதற்கு இட்டார்கள். நடவாத நிகழ்ச்சியின் நினைவுச் சின்னத்தைச் சுமந்தபடி அக்கலம் இன்னும் சூரியனைச் சுற்றுகிறது. லூனா 2 வென்றிராவிடில் செப்டம்பர்த் தகட்டின் கதியும் இதுவாகவே முடிந்திருக்கும். பொறித்த எழுத்து இரண்டு தகட்டிலும் ஒரே உறுதியோடுதான் இருந்தது; நடந்தது ஒன்று, நடவாதது ஒன்று.

ககாரின் பதக்கங்கள் சொல்லாதவை

1961 ஏப்ரல் 12 ஆம் நாள் யூரி ககாரின் வாஸ்டாக் 1 கலத்திலேறி 108 நிமிடங்களில் பூமியைச் சுற்றி மீண்டார். மேசை மீது வைத்துப் பார்க்கத்தக்க பெரிய பதக்கங்கள் செய்வது ரஷ்ய மரபு. அம்மரபின் வழியே ககாரின் முகம் தாங்கிய பதக்கங்கள் பல வெளிவந்தன. சிறுவர் சட்டையிற் குத்திக்கொள்ளும் அலுமினியச் சின்னங்களோ கணக்கின்றிப் பெருகின. அவை அந்நாளில் மிக மலிவு. இந்நாளிலும் எளிய தொகுப்பாளர்க்கு எட்டும் விலையில் கிடைப்பன.

இப்பதக்கங்களில் முகமும் நாளும் மெய்யானவை. ஆனால் அவற்றிலுள்ள ராக்கெட்டின் வடிவத்தைப் பாருங்கள். கூர்மையான முனையும் மீன் சிறகு போன்ற வாலும் உடைய கற்பனை ராக்கெட்டையே தொடக்க காலப் பதக்கங்கள் பெரும்பாலும் காட்டுகின்றன. ககாரினைச் சுமந்து சென்ற ராக்கெட்டின் உண்மை உருவம் இராணுவ மறைபொருளாக இருந்ததே இதற்குக் காரணம். 1967 ஆம் ஆண்டு பாரிசு நகர் விமானக் காட்சியிலேதான் அவ்வுருவம் முதன்முதல் உலகின் முன் வைக்கப்பட்டது. ஆகவே, அடிப்பகுதியில் நான்கு கூம்புகள் சூழ நிற்கும் உண்மை ராக்கெட்டைக் காட்டும் பதக்கமொன்றில் 1961 என்று பொறித்திருப்பினும், அது பிற்காலத்தில் அடிக்கப்பட்டது என ஐயுறத் தகும். எழுத்தின் வடிவு கொண்டு கல்வெட்டின் காலம் கணிப்பது போன்றதே இம்முறை.

அப்பதக்கங்களில் இன்னொரு வெற்றிடமும் உண்டு. அந்த ராக்கெட்டையும் கலத்தையும் உருவாக்கிய பணியின் தலைமைப் பொறியியலாளர் செர்கேய் கொரலேவ். அவர் உயிரோடிருந்த காலத்தில் அவருடைய பெயர் வெளியிடப்படவே இல்லை. 1966 ஜனவரி 14 ஆம் நாள் அவர் இறந்த பின்னரே உலகம் அவரை அறிந்தது. கொரலேவ் முகம் தாங்கிய நினைவுப் பதக்கங்கள் யாவும் அவர் இறந்த பின்னர்த் தோன்றியவை. வாழும்போது அவர்க்கு வாய்த்தது பெயரற்ற புகழே.

ககாரின் தரையிறங்கிய செய்தியும் இவ்வாறே. அவர் கலத்தோடு இறங்கவில்லை. ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உயரத்தில் கலத்தினின்று வெளியேறித் தனிக் குடையில் இறங்கினார். விமானி கலத்தோடு தரை சேர்ந்தாலன்றிச் சாதனையை ஏற்பதற்கில்லை என்பது அனைத்துலக வானூர்திக் கழகத்தின் அக்கால விதி. ஆதலால் சோவியத் அதிகாரிகள் பல ஆண்டுகள் இவ்வுண்மையை மறைத்து வைத்தனர். ககாரின் வீரம் இதனாற் சிறிதும் குறைவதில்லை. ஆயினும் பதக்கத்தை அடித்த கை எதைக் காட்டியது, எதை மூடியது என்பதை அறியாமல் அப்பதக்கத்தைப் படித்தவர், அதைப் பாதியே படித்தவராவார்.

வெள்ளிக் காசிலிருந்து வெள்ளிப் பதக்கத்திற்கு

அமெரிக்காவில் இவ்வழக்கம் அரசின் ஆணையால் தொடங்கவில்லை. வீரர்களின் சட்டைப் பையிலே தொடங்கியது. 1961 ஜூலை 21 ஆம் நாள் விண்ணிற் சென்ற இரண்டாம் அமெரிக்கர் கிரிஸ்ஸம் என்பார், நண்பர்க்கும் குழந்தைகளுக்கும் நினைவுப் பொருளாகக் கொடுக்கப் பத்துக் காசு வெள்ளி நாணயங்களை உடன் கொண்டு சென்றார். சிறகு முளைத்த தொப்பியணிந்த சுதந்திர தேவியின் தலை பொறித்த அந்நாணயத்தை மக்கள் மெர்க்குரி என்னும் ரோமானியத் தெய்வம் எனத் தவறாகக் கருதி மெர்க்குரிக் காசு என்றே அழைத்தனர். அமெரிக்கரின் முதல் விண்வெளித் திட்டத்தின் பெயரும் மெர்க்குரி என்பதால் அக்காசு பொருத்தமாயிற்று.

கலம் அட்லாண்டிக் கடலில் இறங்கியதும் அதன் கதவு எதிர்பாராமல் திறந்துகொண்டது. உள்ளே நீர் புகுந்தது. கிரிஸ்ஸம் நீந்தி உயிர் தப்பினார், கலம் மூழ்கியது. 38 ஆண்டுகள் கழித்து, 1999 ஜூலையில், ஏறத்தாழ 4,600 மீட்டர் ஆழத்திலிருந்து அதை வெளியே எடுத்தபோது, சேற்றிடையே அவ்வெள்ளிக் காசுகள் சில அகப்பட்டன. விண்ணுக்குச் சென்றவை என்பதில் ஐயத்திற்கே இடமில்லாத பொருள்கள் அவை. அவற்றின் சான்றிதழைக் கடலே எழுதி வைத்திருந்தது எனலாம்.

பின்னர் வந்த ஜெமினிப் பயணங்களில், காசுக்குப் பதிலாக ஒவ்வொரு பயணத்திற்கும் தனியே சிறு பதக்கம் செய்து கொண்டு செல்லும் வழக்கம் ஏற்பட்டது. ஃப்ளைட்லைன் என்னும் பெயரால் தொகுப்போர் அவற்றை அறிவர். 1965 மார்ச்சில் அவ்வரிசையின் முதற்பயணத்திற்குத் தலைமை தாங்கியவரும் கிரிஸ்ஸமே. அடுத்த அப்பல்லோத் திட்டத்தின் முதற் பயணத்திற்கும் அவரே தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். அதற்கும் பதக்கங்கள் ஆயத்தமாயின. ஆனால் 1967 ஜனவரி 27 ஆம் நாள் தரையில் நடந்த ஒத்திகையின்போது கலத்தினுள் தீப்பற்றி, கிரிஸ்ஸம், ஒயிட், சாஃபி ஆகிய மூவரும் மாண்டனர். அப்பதக்கங்கள் குறித்த பயணம் நிகழவேயில்லை. லூனா 1 தகட்டைப் போல இவையும் நடவாத ஒன்றின் நினைவுகளே; ஆனால் இவற்றைக் கையில் எடுப்பவர்க்கு நெஞ்சு கனக்கும்.

1968 அக்டோபரில் பறந்த அப்பல்லோ 7 முதல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அட்டில்பரோ நகரிலுள்ள ராபின்ஸ் என்னும் நிறுவனம் இப்பதக்கங்களை அடித்துக் கொடுத்தது. நூற்றுக்கு 92.5 பங்கு தூய வெள்ளி. ஒரு புறம் பயணத்தின் சின்னம். மறுபுறம் வீரர் பெயர்களும் நாள்களும். ஒவ்வொன்றிற்கும் தனித் தொடர் எண். வீரர்கள் தம் கைப்பொருளைக் கொடுத்தே இவற்றை வாங்கினர். சந்திரனில் முதன்முதல் மனிதர் இறங்கிய அப்பல்லோ 11 பயணத்தில் 450 வெள்ளிப் பதக்கங்களும், வீரர்க்கு ஒன்றாக 3 பொற்பதக்கங்களும் சென்றன. அப்பயணத்தின் சின்னத்தில் வீரர் பெயர் இல்லை. அத்திட்டத்திற்கு உழைத்த அனைவர்க்கும் அது உரியதாக வேண்டும் என்று வேண்டுமென்றே விடுத்தனர். சின்னத்திலுள்ள கழுகின் உகிர்கள் அச்சுறுத்துவது போல் தோன்றியமையால், அலகில் இருந்த ஒலிவக் கிளையை உகிர்களுக்கு மாற்றினர். சிறு உலோக வில்லையிலும் எத்துணைச் சிந்தனை அடங்கியிருக்கிறது என்பதற்கு இஃது ஒரு சான்று.

மூன்று உருக்கல்கள்

அடித்த பதக்கத்தை மீண்டும் உருக்குவது அரிது. அப்பல்லோக் காலத்தில் மூன்று முறை உலோகம் உருக்கப்பட்ட வரலாற்றை ஒன்றோடொன்று வைத்து நோக்கினால், பதக்கத்தின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பது புலப்படும்.

முதலாவது, அப்பல்லோ 13. 1970 ஏப்ரலில் புறப்பட இருந்த இப்பயணத்திற்கு லோவல், மாட்டிங்லி, ஹைஸ் ஆகிய மூவர் பெயரால் பதக்கம் அடிக்கப்பட்டது. புறப்படுதற்குச் சில நாள் முன்னர், மணல்வாரி போன்ற ஒரு தொற்றுநோய் உள்ளவரோடு மாட்டிங்லி பழக நேர்ந்தது தெரியவந்தது. அவரை விலக்கிச் சுவைகர்ட்டைச் சேர்த்தனர். பதக்கங்களோ பழைய பெயரோடு கலத்தில் ஏறின. ஏப்ரல் 13 ஆம் நாள் வழியிலே ஆக்சிஜன் கலம் வெடித்தது. சந்திரனில் இறங்கும் நோக்கம் கைவிடப்பட்டு, மூவரும் உயிர் பிழைத்து 17 ஆம் நாள் மீண்டதே பெரிதாயிற்று. திரும்பி வந்த பதக்கங்கள், போகாத ஒருவர் பெயரைத் தாங்கி நின்றன. ஆகவே அவற்றை உருக்கி, வேறு வெள்ளியும் கூட்டி, சுவைகர்ட் பெயரோடு புதிதாக அடித்தனர். இப்போது அப்பல்லோ 13 பதக்கத்தில் எழுத்து சரியானது. ஆனால் அவ்வெழுத்தைத் தாங்கிய வடிவம் விண்ணுக்குச் செல்லவில்லை. உலோகத்தில் ஒரு பங்கே சென்றது. உண்மையைச் சரிசெய்ய உருக்கியதால் உண்மையான சான்றே அழிந்தது. வரலாற்றாசிரியர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பிழையுள்ள மூலம், பிழை நீக்கிய படியைவிடச் சில வேளைகளில் மேலான சான்றாகும்.

இரண்டாவது, தொழிலாளர்க்கென ஆன பதக்கம். அப்பல்லோ 11 வெற்றிக்குப் பின்னர், அத்திட்டத்திற்கு உழைத்தோர்க்கு எளிய உலோகப் பதக்கம் ஒன்று வழங்கப்பட்டது. சந்திரப் பயணம் செய்த கொலம்பியா, ஈகிள் ஆகிய கலங்களின் உலோகம் அதில் கலந்துள்ளது என்று அதிலேயே பொறித்திருக்கிறது. அதில் வெள்ளியில்லை; தொடர் எண் இல்லை. கலத்திற்குத் திருகாணி முறுக்கியவரும் கணக்குப் பார்த்தவரும் அக்கலத்தின் ஒரு துளியைத் தம் வீட்டிற்குக் கொண்டு சென்றனர். உருக்கியது பங்கிட்டுக் கொடுப்பதற்காக.

மூன்றாவது உருக்கல் வாணிகத்தின் பொருட்டு நடந்தது. 1971 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அப்பல்லோ 14 கலத்தில் பிராங்கிளின் மிண்ட் என்னும் தனியார் நாணயசாலையின் வெள்ளிப் பதக்கங்கள் சென்று திரும்பின. அவற்றுட் சிலவற்றை அந்நிறுவனம் உருக்கி, ஏராளமான வேறு உலோகத்தோடு கலந்து, ஆயிரக்கணக்கான சிறு பதக்கங்களை அடித்துத் தன் விற்பனையைப் பெருக்க முற்பட்டது. கடலிற் கரைத்த பெருங்காயம் போன்ற இச்செயல் அமெரிக்க மக்கள் மன்றத்தில் கேள்வியை எழுப்பியது. அடுத்த பயணத்தில் வீரர்கள் எடுத்துச் செல்லத்தக்க பதக்கங்களின் தொகை குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் அப்பல்லோ 15 வீரர்கள் உத்தரவின்றி ஏறக்குறைய 400 அஞ்சலுறைகளைச் சந்திரனுக்குக் கொண்டு சென்று, அவற்றில் ஒரு பகுதி விற்பனைக்கு வந்ததும், 1972 இல் அவர்கள் கண்டிக்கப்பட்டனர்.

சந்திரனில் கிடக்கும் இரண்டு பதக்கங்கள்

இதுவரை நாம் கண்டவை மறைப்பும் வாணிகமும் கலந்தவை. இனிக் காணப்போவது வேறு.

1967 ஏப்ரல் 24 ஆம் நாள் சோவியத் வீரர் கொமரோவ், கலத்தின் குடை விரியாமையால் தரையில் மோதி உயிர் நீத்தார். 1968 மார்ச் 27 ஆம் நாள் ககாரின் விமான விபத்தில் இறந்தார். 1969 ஆம் ஆண்டில் சோவியத் நாட்டிற்குச் சென்றிருந்த அமெரிக்க வீரர் ஃபிராங்க் போர்மனிடம், அவ்விருவருடைய மனைவியரும் தம் கணவரின் பதக்கங்களைக் கொடுத்தனர். இரு நாடுகளும் ஒன்றையொன்று முந்த முயன்ற காலம் அது. ஆயினும் பகை நாட்டவர் கையில், தம் கணவர் செல்ல விரும்பிய இடத்திற்கு அப்பதக்கங்களை அம்மகளிர் ஒப்படைத்தனர்.

1969 ஜூலையில் ஆர்ம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் சந்திரனில் நடந்து முடித்துக் கலத்திற்குத் திரும்பும் வேளை. ஏணியில் ஏறிய ஆல்டிரினுக்கு ஆர்ம்ஸ்டிராங் நினைவூட்டினார். ஆல்டிரின் தம் தோட்பையிலிருந்து சிறு பொதி ஒன்றை எடுத்துத் தரையிற் போட்டார். அதனுள் ககாரின், கொமரோவ் இருவரின் பதக்கங்களும், தீயில் மாண்ட கிரிஸ்ஸம் முதலிய மூவரின் பயணச் சின்னமும், பொன்னாற் செய்த சிறு ஒலிவக் கிளையும், 73 நாட்டுத் தலைவர்களின் வாழ்த்துச் செய்திகளை நுண்ணெழுத்திற் பொறித்த சிலிக்கன் வில்லையும் இருந்தன. அச்செய்திகளுள் இந்தியாவினுடையதும் மலேசியாவினுடையதும் உண்டு. நினைவூட்டல் ஒன்று தவறியிருந்தால் அப்பொதி வந்த வழியே திரும்பியிருக்கும்.

1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15 வீரர்களும், மறைந்த விண்வெளி வீரர் 14 பேரின் பெயர் பொறித்த தகடு ஒன்றைச் சந்திரனில் வைத்தனர். அமெரிக்கர் எண்மர், ரஷ்யர் அறுவர். நல்லெண்ணத்தோடு ஆக்கிய அத்தகட்டிலும் ஒரு பெயர் விடுபட்டது. ககாரின் பறப்பதற்கு 20 நாள் முன்னர், 1961 மார்ச் 23 ஆம் நாள், பயிற்சி அறையில் தீப்பட்டு மாண்ட இளைஞர் பொந்தரேன்கோவின் பெயரே அது. அவர் மறைவைச் சோவியத் நாடு 1986 வரை வெளியிடவில்லை. தகடு செய்தவர்க்குத் தெரிந்திருக்க வழியில்லை. உலோகம் பொய் சொல்லவில்லை. தனக்குச் சொல்லப்படாததை அதனாற் சொல்ல இயலவில்லை.

தொகுப்போர் அறிய வேண்டுவன

இவற்றைத் தொகுக்க விரும்புவோர் முதலில் ஒன்றைத் தெளிய வேண்டும். விண்ணிற் சென்ற பதக்கமும் செல்லாத பதக்கமும் ஒரே அச்சில் பிறந்தனவாக இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. வேறுபாட்டை நிறுவுவது தொடர் எண்ணும், அதை உடையவராயிருந்த வீரர் எழுதிக் கொடுத்த கடிதமும், கைக்குக் கை மாறிய வரலாறுமேயாம். அக்கடிதத்தைத் தொலைத்தவர், பதக்கத்தின் பாதியைத் தொலைத்தவர். 2012 ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய சட்டமொன்று, மெர்க்குரி, ஜெமினி, அப்பல்லோ வீரர்கள் தம்மிடம் வைத்திருந்த நினைவுப் பொருள்கள் அவர்க்கே உரியவை என்று உறுதி செய்தது. அதன் பின்னர் உரிமை பற்றிய ஐயம் நீங்கியது; விலையும் ஏறியது. ஆர்ம்ஸ்டிராங்கின் பொற்பதக்கம் 2019 ஜூலையில் 20 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அதிலுள்ள பொன்னின் விலை அத்தொகையில் மிகச் சிறு பகுதியே.

விலை ஏறினால் போலியும் தோன்றும். அச்சில் அடித்ததன் எழுத்தோரம் கூர்மையாக இருக்கும். வார்த்ததன் எழுத்து மழுங்கியும், பரப்பு நுண்துளைகளோடும், விளிம்பு அராவிய தடத்தோடும் காணப்படும். எடையும் ஒத்து வராது. உருப்பெருக்கிக் கண்ணாடியும் சிறு தராசும் இருந்தால் இவற்றைச் சோதிக்கலாம். பழம்பதக்கத்தைத் துலக்கிப் பளபளப்பாக்குவது பெருந்தவறு. காலம் படியச் செய்த நிறமும் ஒரு சான்றாகும். விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும்; விரல் பட்ட வியர்வை உலோகத்தை அரிக்கும். மென்மையான பிளாஸ்டிக் உறைகளிற் சில நாளடைவில் அமிலம் கக்குவன, அவற்றையும் விலக்குக.

பெரும்பொருள் இல்லாதவர் மனம் தளர வேண்டுவதில்லை. அலுமினியத்தாலான ககாரின் சின்னம் ஒன்று போதும். ஆசிரியர் அதை மாணவர் கையிற் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்கலாம்: இதை அடித்தவர் யார்? நிகழ்ச்சிக்கு முன்பு அடித்தாரா, பின்பு அடித்தாரா? இதில் இல்லாதது எது? இம்மூன்று கேள்விக்கும் விடை தேடும் மாணவர், நாளை ஒரு மன்னனின் மெய்க்கீர்த்தியைப் படிக்கும்போதும், அதிலுள்ள வெற்றிகளை எண்ணுவதோடு நில்லாமல், அது விழுங்கிய தோல்விகளையும் தேடுவார்.

முடிவாக, நாம் எழுப்பிய கேள்விக்கு விடை இதுவாகும். பதக்கம் சாட்சிதான், ஆனால் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கத்தக்க சாட்சி அன்று. அதை அடித்தவர் விருப்பத்தை அது உள்ளபடி காட்டும். நடந்ததை, கேட்பவர் கேட்கும் அளவிற்கே காட்டும். ஏலத்தில் இலட்சங்களுக்குப் போகும் பதக்கங்கள் பல. இவ்வரலாறு முழுவதிலும் யாரும் ஐயுற வேண்டாத நோக்கத்தோடு வைக்கப்பட்டவையோ, எந்தத் தொகுப்பாளர் பெட்டியிலும் இல்லாத அவ்விரண்டே. கைம்பெண்கள் இருவர் கொடுத்தனுப்பிய அவை, காற்றும் மழையும் இல்லாத சந்திரனின் தரையில், ஆல்டிரின் போட்ட இடத்திலே கிடக்கின்றன.